2001-இல் இருந்த ஐந்து

திருநகர், மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்லா இருக்கிறாயா? கோயம்புத்தூர் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

மைக்ரோபிராசசர் லேபை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் சலித்துக்கொண்டாய். "1976-இல் வந்த 8085 சிப்பை வைத்து இன்னும் என்னம்மா சொல்லிக்கொடுக்கிறது?" என்றாய். அடுப்படியில் நின்றபடி சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதில் இருப்பது சுமார் 6,500 டிரான்சிஸ்டர்தான். உன் போனில் இருக்கும் சிப்பில் பல நூறு கோடி. ஆனால் சின்னதாக இருப்பதால்தான் அது செய்வதைப் பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர முடியும். மெமரியிலிருந்து ஒரு பைட்டை எடுக்கும், என்ன ஆணை என்று பார்க்கும், செய்யும், அடுத்ததற்குப் போகும்.

முதல் நாள் நான் கொடுப்பது ஐந்தையும் மூன்றையும் கூட்டுகிற புரோகிராம். மெமரியில் 2000 என்ற அட்ரஸில் தொடங்கி ஒன்பது பைட், எல்லாம் பதினாறு அடிமான எண்கள், ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்து: 3ஈ, 05, 06, 03, 80, 32, 50, 20, 76. 3ஈ என்றால் அடுத்த எண்ணை அக்யுமுலேட்டரில், அதாவது சிப்புக்குள் கூட்டல் நடக்கிற இடத்தில், போடு. 06 என்றால் அடுத்ததை பி ரிஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் எண் வைக்கிற இன்னொரு இடத்தில், போடு. 80 இரண்டையும் கூட்டி அக்யுமுலேட்டரில் வை. 32 விடையை 2050-இல் வை. 76 நில். அந்த 2050-ஐ 50, 20 என்று கீழ்ப்பாதியை முன்னால் வைத்துத்தான் அடிக்க வேண்டும். பாதி வகுப்பு அதில் தடுக்கும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிராக்டிகல் பரீட்சை. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த வாரம். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்கு இதே கூட்டல். 2050-இல் 08 வர வேண்டும், 03 வருகிறது. நான் ஒன்பது பைட்டையும் பார்த்தேன், எல்லாம் சரி. "திரும்ப அடி" என்றேன். கிட்டை அணைத்துப் போட்டு மூன்று தடவை முதலிலிருந்து அடித்தாள், மூன்று தடவையும் 03. நேரம் முடிந்தது, மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

கிளம்பும்போதுதான் கேட்டேன், "ஓட்டும்போது எந்த அட்ரஸ் கொடுத்தாய்?" "2001 மேடம். முதல் நம்பர் அங்கேதானே இருக்கு?" என்றாள்.

பாப்பா, அவள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கணக்கு ஐந்தில்தானே தொடங்குகிறது! ஆனால் 2001-இல் தொடங்கினால் அந்த 05 எண்ணாக இருக்காது. 8085-க்கு 05 என்பது ஓர் ஆணை, பி ரிஜிஸ்டரில் ஒன்றைக் குறை என்று. குறைத்தது, அடுத்த ஆணையில் பி-யில் 3 வந்து உட்கார்ந்தது, அக்யுமுலேட்டரில் இருந்த பூஜ்யத்தோடு கூட்டியது. ஐந்து உள்ளே போகவே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மெமரியில் கிடக்கும் பைட்டின் மேல் ஆணை என்றோ எண் என்றோ எழுதி ஒட்டியிருக்காது. அடுத்து எடுக்க வேண்டிய அட்ரஸை வைத்திருக்கும் புரோகிராம் கவுன்டர் எந்த இடத்தைக் காட்டுகிறதோ, சிப் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதைப் பாடத்தில் படித்திருந்தேன், புரிந்தது அன்றைக்குத்தான். ஆணையையும் எண்ணையும் ஒரே மெமரியில் வைக்கிற இந்த ஏற்பாடு 1945-இல் கணித மேதை வான் நியூமன் எட்வாக் என்ற ஆரம்பகால கம்ப்யூட்டர் பற்றி எழுதிய அறிக்கையிலேயே இருக்கிறது. வெளியாள் அனுப்பிய டேட்டாவை கம்ப்யூட்டர் ஆணையாக நம்பி ஓட்டிவிடும் திருட்டுக்கும் வேர் இதுதான். அதனால்தான் இப்போதைய பிராசசர்களில், மெமரியின் இந்தப் பக்கம் டேட்டா மட்டும், இங்கே எதுவும் ஓடக் கூடாது என்று குறித்து வைக்க ஒரு பிட் இருக்கிறது. பழைய சிப் என்று நீ சொன்னாயே, அதில் ஒன்பது பைட்டை அடித்து இதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதனால் முதல் வகுப்பிலேயே 2000-இலிருந்து ஒரு தடவை, 2001-இலிருந்து ஒரு தடவை ஓட்டச் சொல். இரண்டாவது தடவைக்கு முன் அக்யுமுலேட்டரைப் பூஜ்யமாக்க மறக்காதே, இல்லாவிட்டால் பழைய 08 அங்கேயே இருந்து 0பி, அதாவது பதினொன்று, வந்து நிற்கும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீ உடனே சொல்லிவிடாதே. விடை தப்பாக வந்த பிள்ளையிடம், திரும்ப அடி என்று சொல்லும் முன் எங்கிருந்து ஓட்டினாய் என்று கேள்.

என் பழைய லேப் நோட்டைப் பரணிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பதையும் படி.

அன்புடன்,
அம்மா