சலிபா: வீணானது அரை சீசன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் பிரெஞ்சுக் கால்பந்து வீரர் வில்லியம் சலிபாவைப் பற்றி வந்த கட்டுரையை ஒட்டி இந்தக் கடிதம். 2019-இல் 27 மில்லியன் பவுண்ட் கொடுத்து வாங்கிய பையனை இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் மூன்று வருடம் லோனில் (வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக ஆடக் கொடுத்து) ஊர் ஊராக அலையவிட்டு வீணடித்தது என்பது கட்டுரையின் சாரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வீணானது அரை சீசன். அந்த அரை சீசனைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டு, மிச்ச காலத்துக்காக மூன்று பத்தி வருத்தப்படுகிறது.

சலிபா 2001 மார்ச் 24 அன்று பாரிஸை ஒட்டிய போந்தியில் பிறந்தவர். கிலியன் எம்பாப்பேயின் ஊரும் அதுதான். சிறுவயதில் போந்தி கிளப்பில் சலிபாவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் எம்பாப்பேயின் தந்தை வில்ஃப்ரிடும் ஒருவர். மோன்ஃபெர்மேய் கிளப்பில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 2016-இல் பிரெஞ்சு முதல் டிவிஷன் கிளப்பான செயிண்ட்-எட்டியெனின் அகாடமிக்குப் போனார். 2018 மே மாதம் 17 வயதில் முதல் தொழில்முறை ஒப்பந்தம். அதே ஆண்டு செப்டம்பர் 25-இல் துலூஸுக்கு எதிராக முதல் ஆட்டம். செயிண்ட்-எட்டியென் 3-2 என்று வென்றது. அந்த சீசனில் லீகில் 16 ஆட்டங்கள்.

அணியின் கேப்டன் அப்போது லோயிக் பெரான், வயது 33, அவரும் ஸ்டாப்பர். (நம்மூர் மைதானங்களில் யாரும் 'மையத் தற்காப்பாளர்' என்று சொல்வதில்லை. நானும் ஸ்டாப்பர் என்றே எழுதுகிறேன்.) பதினேழு வயது ஸ்டாப்பருக்கு ஓட்டமும் உயரமும் இருக்கும், எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்ற தீர்ப்பு இருக்காது. அதைப் பக்கத்தில் நிற்கும் பழைய ஆள் குரல் கொடுத்தே சொல்லித்தர வேண்டும். 16 லீக் ஆட்டங்களே ஆடிய ஒருவரை வாங்கி, மறு வருடமும் அதே அணியில், அதே கேப்டனிடம் விட்டுவைத்தது ஆர்சனல் எடுத்த நல்ல முடிவு. 2019 நவம்பரில் பாதத்தின் மெட்டாடார்சல் எலும்பு முறிந்ததும், 2020 மார்ச்சில் கோவிட் வந்து லீக் நின்றதும் யாரும் திட்டமிட்டதில்லை. லீகில் 12 ஆட்டங்களோடு அந்த சீசன் முடிந்தது.

பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம் 2020 ஜூலை 24-க்குத் தள்ளிப்போனது. லோன் ஒப்பந்தமோ ஜூன் 30-ஓடு காலாவதி. நீட்டிப்பதற்கான நிபந்தனைகளில் இரு கிளப்புகளும் ஒத்துப்போகவில்லை. சலிபா இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை. பாரிஸ் அணி 1-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் எம்பாப்பேயை வீழ்த்தி முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவர் பெரான். அதுவே அவருடைய கடைசி ஆட்டமும்.

இனி அந்த அரை சீசன். 2020 செப்டம்பரில் கேப்ரியல் என்ற ஸ்டாப்பரும் வந்து சேர்ந்தபின் ஆர்சனலில் எட்டு ஸ்டாப்பர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்குப் பதியும் பட்டியலில் அதிகபட்சம் 25 பேர், அதில் உள்ளூர்க் கிளப்புகளில் பயிற்சி பெற்று வளராதவர்கள் 17 பேர்தான். ஆனால் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை; சலிபா அந்த வகை. ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோப்பா லீகில்தான் சிக்கல். அங்கே இளையோருக்கான 'பி' பட்டியலில் சேர, அந்தக் கிளப்பில் தொடர்ச்சியாக இரண்டு வருடமாவது இருந்திருக்க வேண்டும். லோனில் பிரான்ஸில் இருந்தவருக்கு அது இல்லை. 'ஏ' என்ற முதன்மைப் பட்டியலில் 17 இடங்களுக்குள் அவரையும் நுழைக்க வேண்டும், நுழைக்கவில்லை. கட்டுரை சொல்வதுபோல் அது ஆட்டம் சரியில்லை என்று கொடுத்த தண்டனை என்றால், இந்த விதியை மறந்து பேசுவதாகும். ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா மேல் எனக்குள்ள குறை வேறு. யூரோப்பாவில் இடமில்லை என்று தெரிந்த அன்றே லோனை முடித்திருக்க வேண்டும். அக்டோபர் 5, ஆட்டக்காரர்களைக் கிளப் மாற்ற அனுமதிக்கும் 'ஜன்னல்' மூடும் கடைசி நாள்வரை இழுத்தார்கள். செயிண்ட்-எட்டியெனோடு பேசியது கடைசி நேரத்தில் நழுவியது. ஜனவரி வரை 19 வயதுப் பையனுக்குச் சீனியர் அணியில் ஒரு ஆட்டமும் இல்லை.

ஸ்டாப்பருக்கு இது ஏன் இத்தனை கேடு? ஃபார்வர்டு பத்துத் தடவை தவறி ஒரு தடவை கோல் போட்டால் அன்றைக்கு அவர் ராஜா. ஸ்டாப்பருக்கு அந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு வேண்டியது இடைவிடாத ஆட்டம். பயிற்சி மைதானத்தில் அது கிடைக்காது, ஏனென்றால் அங்கே எதிரில் வருபவர் எப்படித் திரும்புவார் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

2021 ஜனவரியில் நீஸ்: லீகில் 20 ஆட்டங்கள். அடுத்த சீசன் மார்சேய்: லீகில் 36, ஐரோப்பியப் போட்டிகளும் கோப்பையும் சேர்த்து ஐம்பதைத் தாண்டியது. ஆக, ஆர்சனல் சட்டையில் முதல் பிரீமியர் லீக் ஆட்டம் ஆடும்போது பிரெஞ்சு முதல் டிவிஷனில் 84 ஆட்டங்கள் அவர் கையில். மார்சேயில் இரண்டாம் இடம், கான்ஃபரன்ஸ் லீக் அரையிறுதி, லீகின் சிறந்த இளம் வீரர் விருது, 2022 மார்ச்சில் பிரான்ஸ் அணியில் முதல் ஆட்டம். இதைத்தான் 'அலைந்த காலம்' என்கிறார் கட்டுரையாளர்.

மார்சேயில் பயிற்சியாளர் ஹோர்ஹே சம்பாவோலி. பந்தைத் தன் அணியிடமே வைத்திருக்கும் ஆட்டம் அவருடையது. அதனால் ஸ்டாப்பர்கள் நடுக்கோட்டை ஒட்டி நிற்பார்கள், முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் புல்வெளி காலி. இங்கே பிழைக்க முதல் பாடம், பந்தை அடிக்கப்போகும் எதிரணி ஆளைப் படிப்பது. அவர் மேல் நம்மாள் ஒருவர் ஏறி நெருக்கினால் லைனை, அதாவது தற்காப்பு வரிசையை, முன்னே தள்ளலாம். அவர் தலை நிமிர்ந்து, நெருக்கடி இல்லாமல் காலைப் பின்னால் இழுக்கிறார் என்றால், பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே இடுப்பைத் திருப்பி இரண்டு மூன்று எட்டு இறங்கிவிட வேண்டும். பந்து காற்றில் ஏறிய பிறகு திரும்புபவருக்கு எந்த வேகமும் உதவாது. ஒரு ஸ்டாப்பர் இறங்கி, மற்றவர் ஏறி நின்றால் எதிராளியை ஆஃப்சைடில் மடக்கும் வாய்ப்பும் போச்சு, ஆளும் போச்சு.

நேருக்கு நேர் வரும்போது இளம் ஸ்டாப்பர்கள் செய்யும் தவறு, இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வைத்துச் சதுரமாக நிற்பது. அப்படி நின்றால் எந்தப் பக்கம் போனாலும் திரும்ப ஒரு எட்டு கூடுதல். கால்களுக்கு நடுவே பந்தும் போகும். சலிபாவைப் பாருங்கள்: ஒரு கால் முன்னே, உடம்பு அரைவாசி திரும்பி, முழங்கால் மடங்கி, ஆளைப் பக்கக்கோட்டை நோக்கி ஒதுக்கியபடி பின்னால் நகர்வார். இடையில் விடும் தூரம் கை நீட்டினால் தொட முடியாதது, ஒரே எட்டில் எட்டக்கூடியது. எதிராளி பந்தைத் தட்டிவிட்டு மறுபடி தொடுவதற்குள் ஒரு கண இடைவெளி உண்டு. அந்தக் கணத்தில் மட்டும் காலை நுழைப்பார். 1.92 மீட்டர் உயரமுள்ளவர் தரையில் சறுக்கி விழுவது அபூர்வம், ஏனென்றால் சறுக்கிய ஸ்டாப்பர் அடுத்த இரண்டு நொடிக்கு ஆட்டத்தில் இல்லாதவர்.

தவறே செய்யாதவர் என்று சொல்லவரவில்லை. 2022 ஆகஸ்டில் லெஸ்டருக்கு எதிராக, ஆர்சனலில் தன் இரண்டாவது லீக் ஆட்டத்திலேயே, தலையால் கோல்கீப்பரிடம் திருப்பிவிட்ட பந்து சொந்த வலைக்குள் போனது. திருப்பும் பந்தைப் போஸ்டுக்கு வெளியே போகும் கோணத்தில் தட்ட வேண்டும் என்பது பள்ளிப் பயிற்சியாளரும் சொல்வது. தப்பினால் கார்னரோடு போகும். 84 ஆட்டம் ஆடியதன் பலன் அதற்குப் பிறகு தெரிந்தது: மிச்ச ஆட்டத்தில் கை கால் நடுங்காமல் ஆடினார், ஆர்சனல் 4-2 என்று வென்றது. அடுத்த வாரம் போர்ன்மத்தில் வலக்காலரான அவர் இடக்காலால் ஒரு கோலும் அடித்தார்.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே சீசனில் பதிவாகியிருக்கிறது. அவர் ஆடிய 27 லீக் ஆட்டங்களில் ஆர்சனல் வாங்கிய கோல் 25. 2023 மார்ச் 16-இல் ஸ்போர்ட்டிங் அணிக்கு எதிராக முதுகு பிடித்து வெளியேறினார். அதன் பிறகான 11 லீக் ஆட்டங்களில் 18. லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் சிட்டி என்று அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில் மட்டும் 11. லீக் பட்டம் கைநழுவியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் லைன் பத்து மீட்டர் பின்வாங்கியதும் நடுக்களத்துக்கும் ஸ்டாப்பர்களுக்கும் நடுவே பள்ளம் விழுந்தது டிவியில் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. அடுத்த சீசனில் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். வாங்கிய கோல் 29.

லோனைக் குறை சொல்வதென்றால் நியாயமான இடங்கள் உண்டு. லோனில் கழியும் வருடம் தாய்க் கிளப்பின் ஒப்பந்தத்திலும் கழிகிறது. மூன்று லோன் முடிந்து திரும்பும்போது ஆள் தேறியிருப்பார், தாள் தேய்ந்திருக்கும். சலிபாவின் புதிய ஒப்பந்தம் 2023 ஜூலையில்தான் கையெழுத்தானது, அதுவரை ஆர்சனல் ரசிகர்களுக்குத் தூக்கம் இல்லை. ஃபிஃபா 2022 ஜூலையில் கொண்டுவந்த வரம்பையும் கட்டுரை சொல்லவில்லை: சர்வதேச லோனில் ஒரு கிளப் அனுப்புவதும் எடுப்பதும் முதலில் தலா எட்டு, இரண்டு வருடத்தில் ஆறாகக் குறைந்தது. ஆனால் 21 வயதுக்கு உட்பட்டு, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. சலிபா போல விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இன்று கணக்கில் வருவார்கள்.

கடைசியாக, 'போந்திக்கு ஒரு காசும் போயிருக்காது' என்ற வரி தவறு. நாடு விட்டு நாடு போகும் விற்பனையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அந்த ஆட்டக்காரரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக்கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு சீசனுக்கும் விற்பனைத் தொகையில் 0.25 சதவீதம், 16-இலிருந்து 0.5 சதவீதம். 27 மில்லியனில் 0.25 என்றால் ஒரு சீசனுக்கு 67,500 பவுண்ட். போந்தி, மோன்ஃபெர்மேய் அளவுள்ள கிளப்புக்கு அது சின்னத் தொகை இல்லை. சிக்கல் என்னவென்றால், 2022 நவம்பரில் இந்தப் பணத்தைக் கணக்கிட்டுப் பிரித்துக்கொடுக்கும் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வரும்வரை, பதிவுத் தாள்களைத் தேடி எடுத்துச் சிறு கிளப்பே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்தத் திருத்தத்தையாவது அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி