பூனை வாலில் ஒரு கட்டுமரம்

சேசு மரி சூசை

பாம்பன், தெற்குவாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு 9 நாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் நான்தான் விடுகிறேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் "புதுப் பாலத்துல ரயில் போறது தெரியுது தாயி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று போனில் சின்னவள் வீட்டுப்பாடத்தைக் காட்டினாளே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சி, ஏ, டி என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதி அர்த்தமும் எழுத வேண்டுமாம். ஒரு பூனையை வரைந்து, அதன் வாலில் சரம் மாதிரி கேட்ஃபிஷ், கேட்டர்பில்லர், கேட்டில், கேட்டமரான் என்று கோத்திருந்தாள். பாட்டிக்கு ஆபரேஷன் ஆன புண்ணியத்தில் கேட்டரேக்டும் சேர்ந்திருந்தது. "தாத்தா, எல்லாமே கேட் ஃபேமிலி!" என்றாள். நீ பின்னால் நின்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் விளக்க ஆரம்பித்தால் அரை நிமிஷத்தில் ஓடிவிடுவாள். நீ படித்துப் பக்குவமாகச் சொல்லு.

முதல் இரண்டுக்கும் முழு மார்க் போடலாம். கேட்ஃபிஷ் நம்ம கெளுத்தி. பூனை மாதிரி மீசை இருப்பதால் அந்தப் பேர். உன் தாத்தா கெளுத்தியின் மீசையை ஏறிட்டும் பார்த்ததில்லை, முள்ளைத்தான் பார்ப்பார். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, அரம் மாதிரி பல்லோடு. கட்டையால் தட்டி மூன்றையும் ஒடித்த பிறகுதான் வலையிலிருந்து மீனைக் கழற்றுவார். கேட்டர்பில்லர், பழைய பிரெஞ்சில் மயிர் அடர்ந்த பூனை என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். முருங்கை மரத்தில் அப்பிக்கிடக்கும் அதே புழுவில் நமக்குத் தெரிந்தது கம்பளி.

கேட்டிலில் பூனை இல்லை. லத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து, தலையாய சொத்து என்ற அர்த்தத்தில் வந்தது. முதலைக் குறிக்கும் கேப்பிட்டலும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் சொத்து என்றால் ஆடு மாடுதானே. நம்மிடமும் இதே கதைதான். "மாடல்ல மற்றை யவை" என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் மாடு என்றால் செல்வம். நான் வாத்தியாராக இருந்தபோது இதை வகுப்பில் சொன்ன அன்றைக்கு மட்டும் தமிழ் ஐயா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இனிமேல்தான் கிரேக்கக்காரன் வருகிறான். அவன் பாஷையில் கட்டா என்று ஒரு முன்னொட்டு. கட்டா கருவாடு இல்லை தாயி, 'கீழே' என்று அர்த்தம். கேட்டரேக்ட் என்றால் மேலிருந்து பாய்ந்து விழுவது. பெரிய அருவிக்கும் அதுதான் பேர், கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கிவிடும் கம்பிக் கதவுக்கும் அதுதான் பேர். அந்தக் கதவு இறங்கியது மாதிரி பார்வையை மறைப்பதால் கண்நோய்க்கும் வந்தது. மதுரையில் டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நாமும் புரை 'விழுந்திருச்சு' என்றுதானே சொல்கிறோம்! கிரேக்கனுக்கும் விழுகிறது, தெற்குவாடிக்காரனுக்கும் விழுகிறது. சளி பிடித்து மூக்கு ஒழுகுவதற்கு கேட்டார் என்று ஒரு சொல் உண்டு. அதற்குக் கீழ்நோக்கி ஒழுகுவது என்று அர்த்தம். தலையில் நீர் கோத்து மூக்கு வழியாக இறங்குது என்று உன் பாட்டி சொன்னதும் அதே வைத்தியம்தான்.

கேட்டகிரி என்ற சொல்லுக்கு மூலத்தில் என்ன அர்த்தம் தெரியுமா? ஊர் கூடிய இடத்தில் ஒருவன்மேல் குற்றம் சொல்வது. எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் உன் தாத்தாவின் வலையெல்லாம் கடலோடு போய், நிவாரணத்துக்கு மனுக் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். "என்ன கேட்டகிரி?" என்றார்கள். "கட்டுமரம்" என்றார். "அந்தக் கேட்டகிரி ஃபாரத்துல இல்லையே பெரியவரே." தப்பு செய்தவர் மாதிரி துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற நான், வாத்தியாராகிவிட்ட மகன், வாயைத் திறக்கவில்லை.

கேட்டஸ்ட்ரோஃபி என்ற சொல் அவள் வாலில் இல்லை, நல்லவேளை. கீழ்மேலாகப் புரட்டிப் போடுவது என்று அர்த்தம். 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்கு 6 வயது. கோயிலுக்குள் பாயில் படுத்திருந்தோம், காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு அப்படியே கடலுக்குள் போய்விட்டது. நூறு பேருக்கு மேல். விடிந்ததும் உன் தாத்தா கரைக்கு ஓடினார். காயப் போட்டிருந்த மரம் மூன்றையும் காணோம். நாலாம் நாள் பனைக்கூட்டத்தில் ஒன்று மட்டும் குத்திட்டு நின்றது. இதைச் சின்னவளுக்கு இப்போது சொல்லாதே.

மரம் காயப் போடுவது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார், மூன்று மரமும் தனித்தனியாக உருளும். தண்ணீர் ஏறிய மரம் கனக்கும், மிதப்பு குறையும். அதனால் வெயிலில் பரத்துவார். மறுநாள் விடிவதற்குள் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, அணியத்தில் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, காலை மரத்தில் முட்டுக்கொடுத்து இறுக்குவார். ஆணி கிடையாது. தினமும் கட்டுவது, தினமும் அவிழ்ப்பது. அதனால்தான் அது கட்டுமரம். 1697-இல் லண்டனில் அச்சான தன் பயண நூலிலேயே வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி, சோழமண்டலக் கரையில் இதைக் கேட்டமரான் என்கிறார்கள் என்று எழுதிவிட்டார். பூனையும் இல்லை, கிரேக்கமும் இல்லை. இப்போது அந்தப் பேரை இரட்டை உடம்பு வைத்த பாய்ப்படகுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பேர் மட்டும் நம்முடையது.

எனக்குச் சிரிப்பு வராத காரணத்தை இப்போது சொல்கிறேன். 1986-இல், எட்டாம் வகுப்பில் இதே பாடம் எடுத்தேன். முன்னெழுத்து ஒன்றாக இருந்தால் அர்த்தமும் கிட்டத்தில் இருக்கும் என்று ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். கிளிட்டர், கிளோ, கிளிம்மர் எல்லாம் ஒளி, நம்ம மின்னல், மின்மினி, மினுமினுப்பு மாதிரி. அதற்கு அது பலித்தது. அதே ஜோரில் கேட்டமரானையும் கரும்பலகையில் பூனைக்குக் கீழே எழுதினேன். தெற்குவாடிப் பையன் ஒருத்தன் எழுந்து, "சார், இது நம்ம கட்டுமரம்தானே?" என்றான்.

"கட்டுமரத்தை வாடியிலயே விட்டுட்டு வாடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

சொன்னது யார்? கட்டுமரத்து வருமானத்தில் பி.எட். படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டையில் மீன் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவேன். ஆறேழு வருஷம் கழித்து மதுரையில் ஒரு நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினால், 'தமிழ்: கட்டு, மரம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். மூடி வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பையனிடம் போய்ச் சொல்லவில்லை.

அவனுக்கு இப்போது 52 வயது, சொந்த நாட்டுப்படகு வைத்திருக்கிறான். முந்தாநாள் அம்மாவைப் பார்க்க ஊளி மீன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். நான் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கட்டுமரத்தை வாடியில விட்டுட்டுத்தான் சார் வந்துருக்கேன்" என்றான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சின்னவளிடம் அந்த வாலிலிருந்து கேட்டமரானை அவிழ்த்துத் தனியாக, தண்ணீரில் வரையச் சொல்லு. மரம் மூன்று, கட்டு இரண்டு. பக்கத்தில் தமிழில் பேர் எழுதட்டும். 'ட்' மேல் புள்ளி வைக்க மறந்துவிடுவாள், நீ பார்த்துக்கொள். படத்தை எனக்கு அனுப்பு, அவனிடம் காட்ட வேண்டும்.

அப்பா