பாதி ரெண்டரில் அணைந்துபோகும் கணினி: தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர், திருமண வீடியோ ஸ்டுடியோ,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: வீடியோ ரெண்டர் ஆகும்போது கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்குவது, 650 வாட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பொருத்தியது.

ஐயா,

வணக்கம். கடந்த மே மாதம் தங்கள் நாகர்கோவில் கிளையில் 1,18,000 ரூபாய் கொடுத்து ஒரு கணினி வாங்கினேன். வீடியோ எடிட்டிங்கிற்கு என்று சொல்லித்தான் கேட்டேன். விலைப்புள்ளியின் தலைப்பிலும் தங்கள் ஊழியர் அப்படியே எழுதியிருக்கிறார். அந்தக் கணினியில் கணக்கு எழுத முடிகிறது, படம் பார்க்க முடிகிறது, வெட்டி ஒட்டும் வேலைகூட நடக்கிறது. எடிட் செய்த வீடியோவை ஒரே கோப்பாக ரெண்டர் செய்ய மட்டும் முடியவில்லை. எதற்காக வாங்கினேனோ அந்த வேலை நடக்கவில்லை.

ஆவணியில் குளச்சலில் ஒரு திருமணம் எடுத்தேன். பெண்ணின் தகப்பனார் குவைத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மகளின் கல்யாணத்தை அவர் பார்க்கப்போவதே என் வீடியோவில்தான். ஞாயிறு காலைக்குள் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சனி இரவு 11 மணிக்கு ரெண்டர் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 83 சதவீதம் வந்தது. விசிறியின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிட்டது. அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கு இமைக்கவில்லை. அதே யுபிஎஸ்ஸில் இணைத்திருக்கும் மானிட்டர்கூட அணையவில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியது. பத்து விநாடியில் தங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு கணினி மறுபடியும் தொடங்கியது.

போல்டரில் 9 ஜி.பி. அளவுக்கு ஒரு கோப்பு இருந்தது. எதிலும் திறக்கவில்லை. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படும் முன்பே நின்றுவிட்டால் 83 சதவீத வேலையும் பயனில்லாமல் போய்விடும். அன்று இரவு நான்கு முறை போட்டேன், நான்கு முறையும் அணைந்தது. குவைத்திலிருந்து வந்த அழைப்பை எடுக்க எனக்கு முகமில்லை.

தங்கள் சேவை எண்ணில் பேசியவர், “உங்கள் ஊரில் கரண்ட் சரியில்லை” என்றார். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மின்தடை எங்களுக்குப் பழக்கம்தான். அதற்காகத்தான் 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் வைத்திருக்கிறேன். வீட்டு மின்சாரத்தில் குறை இருந்திருந்தால் மானிட்டரும் சேர்ந்து அணைந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கணினியைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய் வந்தேன். முதல் முறை விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். என் எடிட்டிங் மென்பொருளில் நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த வண்ண அமைப்புகள் எல்லாம் அதோடு போயின. அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது முறை, ஒரு பாட்டு வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, “குறை எதுவும் இல்லை” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வள்ளத்தை மணலில் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்களா? வீடியோ பார்ப்பது கணினிக்கு ஒரு சுமையே அல்ல. ரெண்டரிங்கில்தான் புராசசரின் எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓடும், கிராஃபிக்ஸ் கார்டும் கூடவே ஓடும். சோதனையை அந்தச் சுமையில் அல்லவா செய்ய வேண்டும்?

தாங்கள் செய்யாத சோதனையை நானே செய்தேன். உத்தரவாத முத்திரை உடையக்கூடாது என்பதால் பெட்டியைத் திறக்கவில்லை. வெப்பமாக இருக்குமோ என்று முதலில் அதைப் பார்த்தேன்: அணையும் நேரத்தில் புராசசர் 78 டிகிரியில்தான் இருந்தது, அதன் உச்ச வரம்போ 100. மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ராமை (கணினியின் நினைவகத்தை) ஓர் இரவு முழுக்கச் சோதித்தேன். ஒரு பிழையும் வரவில்லை. பயாஸ் அமைப்பில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. வசதியை அணைத்து வேகத்தைக் குறைத்தும் பார்த்தேன், பலனில்லை. பிழை வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் வசதியை விண்டோஸில் நிறுத்தி வைத்தேன். டிரைவர் மென்பொருளின் கோளாறாக இருந்தால் நீலத்திரை வந்து நின்றிருக்கும், ஒருமுறைகூட வரவில்லை. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு மட்டும் இருக்கிறது, அதில் பிழைக்குறியீடு 0. விண்டோஸ் தானாகப் பிழைபட்டு விழவில்லை, மின்சாரம் திடீரென்று நின்றது என்பதற்கு இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் புராசசரை மட்டும் ஓடவிட்டேன்: மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் ஓடவிட்டேன்: அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் 40 நிமிடத்துக்குள் ‘டிக்’. கடைசியாகப் புராசசரை 65 வாட்டுக்கும், கார்டை அதன் சக்தியில் 70 சதவீதத்துக்கும் கட்டுப்படுத்தினேன். அப்படி மூன்று இரவு ஓட்டியும் ஒருமுறைகூட அணையவில்லை. மூன்று மணி நேர ரெண்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவ்வளவுதான். குளச்சல் வீடியோவை அப்படித்தான் முடித்து அனுப்பினேன், ஐந்து நாள் தாமதமாக.

பிறகுதான் தங்கள் டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். நான் செல்போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மீது ஒட்டியிருந்த தாளில் 450 வாட் என்று இருந்தது. விலைப்புள்ளியில் 650 வாட் என்று இருக்கிறது. பில்லில் ‘எஸ்.எம்.பி.எஸ். 1’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே குறைந்தது 600 வாட் வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைப் பிரித்த கைதானே இந்த 450 வாட்டைப் பொருத்தியது? முழுச் சுமையில் புராசசர் 150 வாட்டுக்கு மேல் கேட்கிறது, கார்டு 200 வாட் கேட்கிறது, அதுவும் கண நேரத்துக்கு அதைவிடக் கூடுதலாக இழுக்கும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்தால் கணினி அணையத்தான் செய்யும். டெக்னீஷியன் மரியாதையான பையன்; மறைக்காமல், “அண்ணே, இது பத்தாது” என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அடுத்த நாள் கிளையில் கேட்டபோது, “450 போதும், நீங்கள்தான் அதிகமாக ஓட்டுகிறீர்கள்” என்றார்கள்.

நான் கேட்பது இது. விலைப்புள்ளியில் உள்ளபடி 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்., நல்ல தரத்தில், தங்கள் செலவில் என் ஸ்டுடியோவிலேயே பொருத்தித் தர வேண்டும். இனி ஒருமுறை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற மாட்டேன். இத்தனை முறை திடீரென்று அணைந்ததால் ஹார்டு டிஸ்கிற்குப் பாதிப்பு உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் என் முன்னால் ஒரு முழு திருமண வீடியோவை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ரெண்டர் போட்டு, முடியும்வரை டெக்னீஷியன் கூடவே இருக்க வேண்டும். “குறை எதுவும் இல்லை” என்று எழுதிய சீட்டை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும்.

பதினைந்து நாளுக்குள் இவை நடக்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு அங்கே இடமில்லை என்று கிளையில் ஒருவர் சொன்னார். அது தவறு. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காக வாங்கும் பொருளுக்கு அவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

விலைப்புள்ளி, பில், சேவைச் சீட்டு, எஸ்.எம்.பி.எஸ். தாளின் புகைப்படம், ஈவென்ட் வியூவர் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஐப்பசியில் எனக்கு ஆறு திருமணங்கள் இருக்கின்றன. அதற்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை.