திரையைப் படித்த பிறகு சாலிடரிங் அயர்னை எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களைச் சீரமைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நாற்பது ஆண்டுகளைக் கடந்த போர்டுகளையும் (மின்சுற்றுப் பலகைகளையும்) மீண்டும் ஓடவைக்க முடியும் என்று எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால், திரையில் படம் சிதறினால் படத்துக்குரிய ஐ.சி.க்களை (சில்லுகளை) ஒட்டுமொத்தமாகக் கழற்றி மாற்றிவிடலாம் என்று அதில் கூறப்பட்டிருக்கும் யோசனையை ஏற்க முடியவில்லை. அந்த யோசனையைப் பின்பற்றியவர்களின் போர்டுகள் சில பழுதுநீக்கத்துக்காக என்னிடம் வந்துள்ளன. முதலில் இருந்த ஒரே பழுது அப்படியே இருக்க, பெயர்ந்துபோன செம்புத் தடங்களும் தலைகீழாகப் பொருத்தப்பட்ட ஐ.சி.க்களும் புதிதாகச் சேர்ந்திருந்தன.

இந்தப் போர்டுகளின் சிறப்பே, பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அவையே திரையில் காட்டிவிடுவதுதான். அதைப் புரிந்துகொள்ள, படம் உருவாகும் விதம் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) உண்டு. 256க்கு 224 புள்ளிகள் என்பதால் 7,168 பைட்டுகளில் முழுப் படமும் அடங்கிவிடும். ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகள் இருப்பதால், எல்லா பைட்டுகளிலும் ஒரே இடத்திலுள்ள பிட் செத்துப்போனால் எட்டுக்கு ஒன்று என்ற சீரான இடைவெளியில் கோடுகள் தோன்றும். 1980இல் வந்த பேக்-மேன் போன்றவை வேறு வகை. அவற்றில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட டைல்கள் (சிறு படத்துண்டுகள்) ரோம் என்னும் அழியா நினைவகத்தில் நிலையாகப் பதிந்திருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணுடைய டைல் வர வேண்டும் என்பதை மட்டுமே வீடியோ ரேம் (திரைக்கான தற்காலிக நினைவகம்) வைத்திருக்கும். நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. ஆகவே பின்னணி சரியாக இருந்து உருவங்கள் மட்டும் கெட்டிருந்தாலோ, உருவங்கள் சரியாக இருந்து பின்னணி மட்டும் கெட்டிருந்தாலோ, போர்டின் பெரும்பகுதியைத் தொடவே வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல ஆட்டங்களில் ஆங்கில எழுத்துகளின் டைல்கள் ‘ஏ’ 65, ‘பி’ 66 என்று வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கும். அத்தகைய போர்டில் வீடியோ ரேமின் கடைசி பிட் (எண் ஒற்றையா இரட்டையா என்பதைத் தீர்மானிப்பது) எப்போதும் 1 என்றே சிக்கிக்கொண்டால், இரட்டைப்படை எண் கொண்ட ஒவ்வொரு எழுத்தும் தனக்கு அடுத்த எழுத்தாக மாறும். ஒற்றைப்படை எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் வரும் ‘கேம் ஓவர்’ என்ற வரியில் ‘வி’ இருந்த இடத்தில் ‘டபிள்யூ’வும் ‘ஆர்’ இருந்த இடத்தில் ‘எஸ்’ஸும் நிற்கும், மற்ற ஆறு எழுத்துகளும் பிழையின்றி இருக்கும். அதே பிட் 0 என்று சிக்கினால் இதற்கு நேர்மாறாக அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் தப்பித்து மற்றவை கெடும். அக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட 2114 ரக ரேம் ஒவ்வொன்றும் நான்கு பிட்டுகளை மட்டுமே தாங்குவதால், ஒரு பைட்டுக்கு இரண்டு வேண்டும். ஆக, இருபது முப்பது ஐ.சி.க்களைச் சந்தேகிக்க வேண்டிய இடத்தில், ஒரு வரியைப் படித்ததுமே சந்தேகம் ஒரு ரேமுக்கும் அதன் வழித்தடத்தில் உள்ள ஓரிரு ஐ.சி.க்களுக்கும் சுருங்கிவிடுகிறது. மின்சாரம் வந்தவுடன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் போர்டாக இருந்து, ரேம் சரி என்று அது சொல்லியும் எழுத்துகள் கெட்டிருந்தால், பழுது ரேமைத் தாண்டிய பாதையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எழுத்து இன்னதென்று அடையாளம் தெரிந்து, ஆனால் எல்லா எழுத்துகளிலும் ஒரே நெடுவரிசைப் புள்ளிகள் விடுபட்டிருந்தால் வீடியோ ரேமைக் குறை சொல்வது வீண். அது டைல் ரோமின் ஒரு டேட்டா (தரவு) காலிலோ, ரோமிலிருந்து வரும் பிட்டுகளை வரிசையாக வெளியே தள்ளும் ஷிப்ட் ரெஜிஸ்டரிலோ உள்ள கோளாறு. ஸ்பிரைட்டுகள் ஒரு வரி விட்டு ஒரு வரி மறைந்தால், மாறி மாறி வேலை செய்யும் இரண்டு லைன் பஃபர்களில் (ஒரு வரிப் படத்தைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகங்களில்) ஒன்று ஓய்ந்திருக்கும். இது இரட்டை பஃபர் உள்ள போர்டுகளுக்கே பொருந்தும். ஒரு நிறம் முழுவதுமாக இல்லை என்றால், ஐ.சி.க்களுக்குப் போகும் முன் வெளியேறும் வழியில் உள்ள மின்தடைகளையும் கனெக்டரையும் பார்ப்பது நல்லது. பேக்-மேனில் சிவப்புக்கும் பச்சைக்கும் மூன்று மூன்று, நீலத்துக்கு இரண்டு என எட்டு மின்தடைகள்தாம் மொத்த வண்ணத்தையும் கலந்து தருகின்றன.

அதே பேக்-மேனில் ஆட்டத்தின் 256ஆவது நிலையை (லெவல்) எட்டுபவர்கள் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் குறியுமாகக் குழம்பிக் கிடப்பதைக் காண்பார்கள். நிலைகளை எண்ணும் ஒற்றை பைட் நிரம்பி வழிவதால் பழங்களை வரையும் நிரல் தடம் மாறிப்போகிறது, எந்த ஐ.சி.யை மாற்றினாலும் அது மாறாது. அவ்வளவு தூரம் விளையாடுபவர்கள் அரிது என்றாலும், கட்டுரையாளரின் வழிமுறைப்படி அந்த நல்ல போர்டும் உரித்தெடுக்கப்பட்டிருக்கும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கட்டுரையில் மின்னழுத்தம் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது வியப்பளித்தது. இந்த ஐ.சி.க்கள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலான எல்லைக்குள்தான் நம்பகமாக இயங்கும். பவர் சப்ளையின் முனையில் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் இருக்கிறது என்று திருப்தி அடைவது போதாது. கறுத்துப்போன எட்ஜ் கனெக்டரை (போர்டின் விளிம்பில் உள்ள இணைப்பானை) தாண்டுவதற்குள் அதில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். போர்டின் கடைசி மூலையில் உள்ள ஓர் ஐ.சி.யின் கால்களில் அளக்க வேண்டும். அங்கே குறைந்திருந்தால் முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்ய வேண்டுமே தவிர, சப்ளையை முறுக்கி ஏற்றக் கூடாது. ஏற்றிவைத்துவிட்டுப் பின்னொரு நாள் கனெக்டரைத் துடைத்தால், கூட்டிய அழுத்தம் முழுவதும் ஐ.சி.க்களின் தலையில் விடியும்.

இவற்றுக்குப் பிறகும் பழுது பிடிபடாவிட்டால்தான் லாஜிக் புரோப், ஆசிலாஸ்கோப் போன்ற சமிக்ஞை சோதிக்கும் கருவிகளின் வேலை. உள்ளீட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே 0, 2 வோல்ட்டுக்கு மேலே 1 என்பது இந்த ரக ஐ.சி.க்களின் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் அவுட்புட் மிதந்துகொண்டே இருந்தால், அது மும்நிலை வகை (0, 1 தவிரத் துண்டித்த நிலையும் கொண்ட) ஐ.சி.யாக இல்லாத பட்சத்தில், உள்ளே அறுந்திருக்கும் என்று கொள்ளலாம். அப்போது நல்ல ஐ.சி. ஒன்றை அதே திசையில் மேலே ஏற்றி, கால்கள் தொடும்படி அழுத்திப் பார்த்தால் படம் சரியாகக்கூடும். ஆனால் அவுட்புட் 0இலோ 1இலோ சிக்கிக்கிடக்கும் ஐ.சி.யின் மேல் இந்த உத்தி பலிக்காது. எந்த ஐ.சி.யையும் கழற்றும் முன் ஈப்ராம்களை (புறஊதா ஒளியால் அழிக்கக்கூடிய ரோம்களை) புரோகிராமர் என்னும் கருவியில் படித்து நகல் எடுத்துவைப்பது கட்டாயம் என்பேன். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும், 1997 முதல் வளர்ந்துவரும் மேம் (MAME) திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் ரோம்களுக்குச் செக்சம் (சரிபார்ப்பு எண்) பதிவாகியிருப்பதால், தன் போர்டின் ஈப்ராம் கெட்டிருக்கிறதா என்பதை எவரும் அதனுடன் ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ளலாம். ஈப்ராமின் கண்ணாடிச் சன்னலின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லேபிளைக் கிழித்து வெளிச்சத்தில் போட்டு வைக்காமல் இருந்தாலே பல ஈப்ராம்கள் இன்னும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

கடைசியாக ஒன்று, இதுவே மிக அவசரமானது. எழுத்துகள் சிதறினால் மானிட்டரின் பின்புறத்தைத் திறந்து உள்ளேயிருக்கும் திருகுகளைச் சரிசெய்து பார்க்கலாம் என்று கட்டுரையின் இறுதிப் பத்தி சொல்கிறது. படம் வளைவதும், ஒரே வெளிச்சக் கோடாகச் சுருங்குவதும் மானிட்டரின் கோளாறாக இருக்கலாம்; எழுத்து மாறுவதும் டைல் உடைவதும் மானிட்டரால் நேர வழியே இல்லை. மேலும் படக்குழாயின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனையில்) மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும், முறையாக டிஸ்சார்ஜ் செய்ய (தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்ற) தெரியாதவர்கள் அதன் அருகில் கை வைக்கவே கூடாது. கட்டுரையின் மற்ற பகுதிகளைப் பற்றி மாற்றுக் கருத்துகள் இருக்கலாம். அந்தப் பத்திக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, கண்ணில் படும் இடத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்