அம்மாவுக்கு, இலையான் அறையில இருந்து

அன்புள்ள அம்மா,

நான் நல்ல சுகம். போனில கதைக்கேக்க ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா லைன் கட்டாகுது, நீங்கள் என்ன என்ன எண்டு கேட்டுக் கேட்டு கடைசியில சாப்பிட்டியோ எண்டதோட கதை முடிஞ்சிடுது, அதான் இந்த முறை ஆறுதலா இருந்து ரைப் பண்ணுறன், தம்பியை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

பெரியம்மா கேட்டவவாம், "உவள் இந்தியாவுக்குப் போய் இலையானோ பிடிக்கிறாள்" எண்டு. ஓம், பிடிக்கிறாள் எண்டே சொல்லுங்கோ, இஞ்சத்தைத் தமிழ் ஆக்கள் இலையானை ஈ எண்டு சொல்லுவினம். நீங்கள் ஊரெல்லாம் டொக்டருக்குப் படிக்கிறாள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறது எனக்குத் தெரியும், பிஎச்டி முடிச்சா டொக்டர்தான், ஆனா ஆரும் காய்ச்சல் எண்டு வந்தா நான் பொறுப்பில்லை.

ஊர்க்கதையை முதல் சொல்லுறன். பெங்களூர் கடல் மட்டத்தில இருந்து 900 மீற்றருக்கு மேல, அதால வேர்வையே இல்லை, பின்னேரமானா குளிர்காத்து. ட்ராபிக்தான் கொடுமை, ஹெப்பால் பாலத்தில பஸ் நிண்டுதெண்டா நிண்டதுதான். சாம்பாருக்குள்ள வெல்லம் போடுறாங்கள், எனக்கு இன்னும் சரிவரேல்ல. குரக்கன் மாவைக் கிண்டி உருட்டி முத்தே எண்டு தருவினம், அதை சப்பக்கூடாதாம், குழம்பில தோய்ச்சு அப்பிடியே விழுங்கவேணுமாம். நான் சப்பித்தான் சாப்பிடுறன், கன்டீன் அண்ணை ஒவ்வொரு முறையும் பாத்துத் தலையை ஆட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமையில அல்சூர் பக்கம் போவன், அங்க தலைமுறை தலைமுறையா இருக்கிற தமிழ் ஆக்கள் கனபேர். மரக்கறிக் கடை அக்கா நான் வாயைத் திறந்த உடன "கேரளாவாம்மா?" எண்டு கேட்டவ. இல்லை அக்கா, யாழ்ப்பாணம், தமிழ்தான் கதைக்கிறன் எண்டன். நம்பேல்ல. இப்ப நான் போனா பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டு "இவங்க பேசறதைக் கேளு" எண்டு சொல்லுவா, ரெண்டு பேரும் சிரிச்சு முடிய எனக்கு கறிவேப்பிலை ஓசி. ஏரிக்கரையில ஒரு திருவள்ளுவர் சிலை நிக்குது. 1991 இல கொண்டுவந்து வைச்சுப்போட்டு பிரச்சினையில மூடினதாம், 2009 இலதான் திறந்தவை. பதினெட்டு வருசம் மூடிக்கட்டின வள்ளுவர்.

சரி, இனி இலையான். நீங்கள் நினைக்கிற, மீன் சந்தையில மொய்க்கிற பெரிய இலையான் இல்லை. வாழைப்பழம் கனிஞ்சா குசினியில சுத்துமே குட்டிக்குட்டியா, சிவப்புக் கண்ணோட, அது. எங்களுக்கு எண்டு ஒரு அறை, எப்பவும் 25 பாகை வெப்பம், கண்ணாடிக் குப்பியளுக்குள்ள ஆயிரக்கணக்கில இருக்குதுகள். சாப்பாடு சோளமா, சீனி, ஈஸ்ற், அகர் போட்டுக் காய்ச்சின கஞ்சி. அது காய்ச்சுற நாள் லாப் முழுக்க ஒரு புளிச்ச மணம், என்ர தலைமயிரிலயும் நிக்கும். முட்டையில இருந்து பறக்கிற இலையானா வர பத்து நாள்தான், அதால ஒரு வருசத்துக்குள்ள முப்பது தலைமுறைக்கு மேல பாக்கலாம். அறையை 18 பாகைக்கு இறக்கினா எல்லாம் பாதி வேகம். ஆணோட இன்னும் சேராத பெட்டையளைத்தான் எங்களுக்கு வேணும், கூட்டுப்புழுவில இருந்து வெளியில வந்து எட்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிக்கவேணும், அதுதான் காலமையும் ஓட்டம், இரவும் ஓட்டம். நான் போனை எடுக்காட்டி மைக்ரொஸ்கோப்புக்குக் கீழ கிடக்கிறன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, கோவிக்காதீங்கோ.

முட்டை அரை மில்லிமீற்றர் நீளம். அதை உடுப்புக்குப் போடுற பிளீச்சில ரெண்டு நிமிசம் விட்டா வெளிக்கோது கழண்டிடும், பிறகு எண்ணெயில போட்டு நுணுக்குக்காட்டியில பாத்தா அம்மா, நான் முதல் தரம் பாத்தண்டு சாப்பிடவே போகேல்ல. உள்ளுக்கை கலத்தின்ர (செல்) கரு ஒண்டு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, எட்டு ஒம்பது நிமிசத்துக்கு ஒருக்கா பிரியுது, ஆனா நடுவில சுவரே இல்லை, எல்லாம் ஒரே சட்டிக்குள்ள. பதின்மூண்டு தரம் பிரிஞ்சு ஆறாயிரம் அளவில ஆனாப் பிறகு, மூண்டு மணித்தியாலம் வரப்போகேக்கதான் எல்லாத்தையும் சுத்தி ஒரே நேரத்தில சுவர் எழும்பும். உடன வயித்துப் பக்கம் ஒரு கோடு விழுந்து உள்ளுக்கை மடியும். அடுத்த நாள் புழு வெளியில வந்திடும்.

அந்த முதல் ரெண்டு மூண்டு மணித்தியாலமும் முளையம், அதுதான் முட்டைக்குள்ள வளருற குட்டி, தன்ர ஜீனை பெரும்பாலும் தொடுறதே இல்லை, தாய் முட்டைக்குள்ள வைச்சு விட்டதிலதான் ஓடுது. தாய் முட்டையின்ர ஒரு நுனியில பைகொய்ட் எண்ட சாமானை ஒட்டிவிடும், தண்ணிக்குள்ள ஒரு மூலையில நீலம் விட்டா பரவுற மாதிரி அது பின்னுக்குப் பரவும், கூட இருக்கிற இடம் தலை. தாயிட்ட அந்த ஜீன் பழுதெண்டா, தாய் நல்லாத்தான் இருக்கும், பறக்கும், முட்டையும் போடும், ஆனா பிள்ளைக்குத் தலை இராது, தலை வரவேண்டிய இடத்தில வால். உடம்பை ஆர் பிரிச்சுக் கட்டுறது எண்டு இந்த வகையான ஜீன்களை ஜெர்மனியில நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட்டும் வீஷாவுசும் தேடிப் பிடிச்சு 1980 இல எழுதினவை, 1995 இல நோபல் பரிசு. இறந்த முளையங்களை ரெண்டு பேர் பாக்கக்கூடிய ஒரே நுணுக்குக்காட்டியில எதிரெதிரா இருந்து பாத்தவையாம், பொறுமை எண்டா அது.

என்ர வேலை அதுக்குப் பிறகு, மூளை. முளையத்துக்குள்ளயே மூளை செய்யிற தாய்க்கலங்கள், நியூரோபிளாஸ்ட், நரம்புகளைப் பெத்துத் தள்ளும், ஒரு சின்னப் புழுவுக்குக் காணுமான அளவு செய்துபோட்டு அநேகமா எல்லாம் நித்திரைக்குப் போயிடும். ஒரு பக்க மூளையில ஒரு நூறு இருக்கும், அஞ்சு மட்டும் நித்திரை கொள்ளாது, அதில நாலு ஞாபகத்துக்கான பகுதியைச் செய்யிறவை. மற்றதுகள் எப்ப எழும்பும் தெரியுமோ? புழு சாப்பிட்டாப் பிறகு. அதுவும் சும்மா சீனித்தண்ணி குடுத்தா எழும்பாது, புரதம் வேணும். கொழுப்புத் திசு சாப்பாடு வந்திட்டுது எண்டு கண்டுபிடிச்சு மூளைக்குச் சொல்ல, மூளையைச் சுத்தி இருக்கிற கலங்கள் இன்சுலின் வகைப் புரதம் விடும், அம்மம்மா ஊசியில போடுறாவே, அதின்ர சொந்தக்காரப் புரதம். அப்பத்தான் நித்திரை கலைஞ்சு, வளர்ந்த இலையானுக்குத் தேவையான மூளையைக் கட்டத் தொடங்கும். ஆக நீங்கள் கேக்கிற சாப்பிட்டியோதான் என்ர தீசிஸ். இந்த நித்திரையைக் கலைக்கிறதில வேற என்ன கைவேலை இருக்கு எண்டதைத்தான் நான் துளாவுறன்.

தம்பிக்கு ஒண்டு: 2023 இல ஒரு இலையான் புழுவின்ர முழு மூளையையும் வயர் வயரா வரைஞ்சு முடிச்சிட்டினம், 3016 நரம்புக்கலம், அஞ்சு லட்சத்துக்கு மேல இணைப்பு. அதுக்கு அடுத்த வருசம் வளர்ந்த இலையானின்ர மூளை, ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் நரம்புக்கலம். அவன் கேம் விளையாடுற நேரத்துக்கு இந்தப் படத்தைச் சுத்திப் பாக்கலாம்.

இன்னொண்டு, கடல் தாண்டி இலையானுக்காக இந்தியா வந்த முதல் விசரி நான் இல்லை. வெரோனிக்கா ரொட்றிகஸ் எண்டு ஒருத்தர், கென்யாவில பிறந்து டப்ளினில படிச்சு, ஒபெய்த் சித்திக்கி எண்ட ஆராய்ச்சியாளரின்ர வேலையை அறிஞ்சு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவ. மணம், ருசி தெரியாத இலையானையெல்லாம் பிரிச்செடுத்தவ. சித்திக்கி பிறகு இஞ்ச பெங்களூரில என்.சி.பி.எஸ் எண்ட தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினவர், அவவும் கடைசிக் காலத்தில இஞ்சதான் இருந்தவ, 2010 இல காலமானா. இஞ்ச இலையான் ஆக்களிட்ட அவவின்ர பேரை எடுத்தா ஆளுக்கொரு கதை சொல்லுவினம்.

மாமா சென்னைக்கு வாறதெண்டா எங்கட மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ குடுத்துவிடுங்கோ, ஒண்டுக்கு மேல ஒண்டா பையில கட்டி, போன முறை சேட்டெல்லாம் சிவப்பு. புழுக்கொடியலும் கொஞ்சம், அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கை லாப்பில ஒருத்தரும் கண்டதில்லை. அம்மம்மாட்ட குளுசையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கோ. பெரியம்மாவுக்கு இதில பாதியை மட்டும் வாசிச்சாக் காணும்.

உங்கட மகள்