கணிக்கும் எஸ்.எஸ்.டி.யில் காசு போடலாமா? குகனுக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் குகன்,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய கொம்பனி விளக்கமும் கிடைத்தன. இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்து, இந்த முறை நல்லூர்த் தேருக்கு நடந்தே போய் வந்தா. ரொறன்ரோவில் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கணிக்கும் சேமிப்புச் சாதனம் செய்கிற ஒரு ஸ்ரார்ட்டப்பில் காசு போட யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் பொய்யில்லை. ஆனால் அதை வாங்குகிறவன் தன் மென்பொருளில் கை வைக்கவேண்டி வந்தால், போட்ட காசு கெதியில் திரும்பி வராது. கை வைக்கத் தேவையில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு கதைக்கலாம்.

ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன். சாதாரண எஸ்.எஸ்.டி., அதாவது ஃபிளாஷ் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் ட்ரைவ், கேட்ட தொகுதியை (தரவுத் துண்டை) எடுத்துக் கொடுப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். பெரிய அட்டவணையொன்றில் ஒரு மாவட்டத்து வரிகள் மட்டும் வேண்டுமென்றாலும் முழு அட்டவணையும் நினைவகத்துக்கு வந்து சேரவேண்டும். பிறகு சி.பி.யூ. வரிவரியாகப் பார்த்து 99 வீதத்தைத் தூக்கி எறியும். கணிக்கும் சேமிப்பு அந்தத் தெரிவை ட்ரைவுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. அழுகல் வெங்காயத்தைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றுவது போலத்தான்.

யோசனை பழையது. 1970களிலேயே வட்டோடு செயலியை ஒட்டிய தரவுத்தள இயந்திரங்கள் ஆய்வுக்கூடங்களில் இருந்தன. 1983இல் ஆய்வாளர்களான போரலும் டெவிட்டும் இவற்றின் காலம் கடந்துவிட்டதோ என்று கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். 1998 அளவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதே யோசனை மறுபடி எழும்பியது. வியாபாரமாக வென்றது நெட்டீசா என்ற கொம்பனி. வட்டுக்குப் பக்கத்தில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற, வேலைக்கேற்ப உட்சுற்றை மாற்றி அமைக்கக்கூடிய சிப்பை வைத்து, வேண்டாத வரிகளையும் நெடுக்கு நிரல்களையும் அங்கேயே கழித்தார்கள். 2010இல் ஐ.பி.எம். அதை ஏறக்குறைய 1.7 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இதில் நீ கவனிக்கவேண்டியது, நெட்டீசா தனி ட்ரைவ் விற்கவில்லை என்பதைத்தான். தரவுத்தளம், சேர்வர், வட்டு எல்லாம் ஒரே பெட்டியாக வந்தது. வாங்கியவன் எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தளக் கேள்வி மொழியில் எழுதினால் போதும், உள்ளே எந்தச் சிப் எதைக் கழிக்கிறது என்று அவன் அறியத் தேவையிருக்கவில்லை. இன்றைய ஸ்ரார்ட்டப்புகள் பல ட்ரைவை மட்டும் விற்றுவிட்டு மிச்சத்தை வாங்குகிறவனிடம் விடுகின்றன.

விளக்கத்தில் "பத்து மடங்கு வேகம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எங்கே வைத்து அளந்தது என்று கேள். ட்ரைவைச் சேர்வரோடு இணைக்கும் பாதை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், அதன் தடங்கள்தான் லேன். நாலு லேன் உள்ள மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் ஒரு ட்ரைவ் வினாடிக்கு 3.5 ஜி.பி. அளவு வாசிக்கும். நாலாம் தலைமுறையில் ஏறக்குறைய 7, ஐந்தாம் தலைமுறையில் 14. ட்ரைவுக்குள் 16 ஃபிளாஷ் சானல்கள் (ஃபிளாஷ் சிப்புகளுக்குப் போகும் உள்வழிகள்), ஒவ்வொன்றும் 1.2 ஜி.பி. என்று வைத்தால், உள்ளே 19 ஜி.பி. ஓடும். மூன்றாம் தலைமுறையில் உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்து மடங்கு இடைவெளி இருந்தது. ஐந்தாம் தலைமுறை வந்ததும் வெளிவழி அகன்றுவிட்டது. சானல் வேகமும் கூடிக்கொண்டுதான் வருகிறது, ஆனாலும் பழைய இடைவெளியை வைத்துப் போட்ட வரைபடம் இன்றைக்குச் செல்லாது.

சாம்சங்கும் சைலிங்ஸும் செய்த ஸ்மார்ட் எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொள். 2020இல் விற்பனைக்கு வந்தது 3.84 ரி.பி. கொள்ளளவு, 4 ஜி.பி. டி.டி.ஆர்.4 நினைவகம், கின்டெக்ஸ் அல்ட்ராஸ்கேல் பிளஸ் எஃப்.பி.ஜி.ஏ. கொண்டது. அதில் எஃப்.பி.ஜி.ஏ. ஃபிளாஷ் சானல்களைத் தொடுவதில்லை. உள்ளுக்குள் இருக்கும் ஒரு பி.சி.ஐ. சுவிட்ச் வழியாக, எஸ்.எஸ்.டி. கட்டுப்படுத்தியிடம் சேர்வர் கேட்பது போலவேதான் தரவைக் கேட்கிறது. ஆகவே ஒரு ட்ரைவை மட்டும் செருகிச் சோதித்தால் வாசிப்பு வேகம் கூடவே கூடாது. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பலன் தெரிய ட்ரைவுகள் கூட வேண்டும். 24 ட்ரைவுகள் சேர்ந்து 84 ஜி.பி. தரும். அவை எல்லாம் 16 லேன் உள்ள ஒரே மூன்றாம் தலைமுறைப் பாதையில் தொங்கினால் அந்தப் பாதை 16 ஜி.பி.தான் கொண்டுபோகும். அங்கே ஒவ்வொரு ட்ரைவும் தன் பங்கைத் தானே கழித்து ஒரு வீதத்தை மட்டும் அனுப்பினால் பாதையில் போவது 0.84 ஜி.பி. இப்போதுதான் ஐந்து மடங்கு என்று சொல்ல நியாயம் இருக்கிறது. அதே 24 ட்ரைவையும் 128 லேன் உள்ள புதிய சேர்வரில் நேரே செருகிவிட்டால் நெரிசலும் இல்லை, ஐந்து மடங்கும் இல்லை.

அடுத்தது, ட்ரைவுக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தொகுதி இலக்கங்கள்தான். எந்தக் கோப்பு எந்தத் தொகுதிகளில் கிடக்கிறது, அதில் எத்தனையாவது பைட்டில் வரி தொடங்குகிறது என்பதைச் சேர்வர்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். தரவைப் பல ட்ரைவுகளில் பிரித்து வைக்கும் ரெயிட் போட்டிருந்தால் ஒரு வரி ஒரு ட்ரைவில் தொடங்கி அடுத்த ட்ரைவில் முடியும், இரண்டுக்கும் அது அரைவரிதான். சேர்வர் பக்கத்தில் பிறர் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருந்தால் ட்ரைவுக்குத் தெரிவது வெறும் இரைச்சல், அதில் கழிக்க ஒன்றுமில்லை. வங்கியும் ஆஸ்பத்திரியும் இன்று குறியாக்கம் இல்லாமல் வாங்கமாட்டார்கள். இந்த மூன்றுக்கும் உங்கள் கொம்பனி என்ன பதில் வைத்திருக்கிறது என்று விளக்கத்தில் ஒரு வரி கூட இல்லை.

கலிபோர்னியாவின் என்.ஜி.டி. சிஸ்டம்ஸ் வேறு வழியில் போனது. ட்ரைவின் சிப்பிலேயே நாலு ஏ.ஆர்.எம். கோர்டெக்ஸ் ஏ53 கோர்களை வைத்து லினக்ஸையே உள்ளே ஓட்டினார்கள். எஃப்.பி.ஜி.ஏ.க்கு நிரல் எழுதும் ஆள் தேடத் தேவையில்லை, சாதாரண நிரலையே ட்ரைவுக்குள் போடலாம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஆனால் ஏ53 கைத்தொலைபேசிக்கு வந்த சின்னக் கோர். 24 ட்ரைவ் போட்ட ஒரு சேர்வருக்குள் இன்னும் 24 லினக்ஸ் இயந்திரங்கள் வந்துவிடுகின்றன. அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடுவது யார், வேலையைப் பிரித்துக் கொடுப்பது யார், ஒன்று தொங்கிவிட்டால் அந்தப் பங்கைத் திருப்பி ஓட்டுவது யார்? U.2 என்ற சேர்வர் ட்ரைவ் வடிவில் ஒரு ட்ரைவுக்கு 25 வாட்தான் எல்லை. ஃபிளாஷும் கோர்களும் அதைப் பங்குபோடவேண்டும். எங்கட ஊர் வெக்கையில், கரண்ட் போய் ஏசி நின்ற அறையில், ட்ரைவ் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். அப்போது கணிப்பும் வாசிப்பும் சேர்ந்தே விழும்.

சரி, வாங்குகிறவன் ஒன்றையும் மாற்றத் தேவையில்லாத வகை எது? உள்ளே தானாகச் சுருக்கும் ட்ரைவ். ஸ்கேல்ஃப்ளக்ஸ் இதைத்தான் விற்கிறது. சேர்வர் எழுதும் ஒவ்வொரு 4 கே.பி. தொகுதியையும் ட்ரைவின் வன்பொருள் சுருக்கி வைக்கிறது, கேட்கும்போது விரித்துக் கொடுக்கிறது. சி.பி.யூ.வுக்கு வேலையில்லை, லினக்ஸுக்கு அது வழக்கமான என்.வி.எம்.ஈ. (சேர்வர் எஸ்.எஸ்.டி.யோடு பேசும் பொதுத் தரநிலை) ட்ரைவ். மென்பொருளால் சுருக்கும்போது ஒரு நட்டம் வரும். மைஎஸ்.கியூ.எல். தரவுத்தளம் 16 கே.பி. பக்கத்தை 9 கே.பி.யாகச் சுருக்கினாலும் வட்டில் 4 கே.பி. படிகளில்தான் இடம் பிடிக்கும், ஆகவே 12 போய்விடும். ட்ரைவுக்குள் அந்தப் படி இல்லை, 9 என்றால் ஏறக்குறைய 9தான். ஃபிளாஷில் எழுதப்படுவது குறைவதால் ஆயுளும் கூடும், உள்ளே பழைய தொகுதிகளை நகர்த்தி இடம் துப்புரவாக்கும் வேலையும் குறையும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 7.68 ரி.பி. ட்ரைவை, இரண்டுக்கு ஒன்று சுருங்கும் என்ற கணக்கில் 15.36 ரி.பி.யாகக் காட்டி அமைக்கலாம். நாளைக்கு வரும் தரவு 1.3 மடங்கு மட்டும் சுருங்கினால் 10 ரி.பி. எழுதியதுமே உள்ளே நிரம்பிவிடும். கோப்பு முறைமையைக் கேட்டால் இன்னும் 5 ரி.பி. இருக்கிறது என்று சொல்லும், ட்ரைவ் எழுத மறுக்கும், தரவுத்தளம் விழும். பெரும்பாலும் காரணம் யாரோ ஏற்கனவே சுருக்கிய, குறியாக்கிய காப்புப்பிரதியை அதே ட்ரைவில் கொண்டுபோய்ப் போட்டிருப்பதுதான். அழித்த கோப்புகளின் இடத்தை ட்ரிம் கட்டளையால் திருப்பிக் கொடுக்காமல் விட்டாலும் இதே கதிதான். ஆகவே கண்காணிப்பு மென்பொருள் பார்க்கவேண்டியது ட்ரைவ் தானே சொல்லும் உள்ளிடம். 80 வீதத்தில் எச்சரிக்கை வைக்கவேண்டும்.

எல்லாத் தரவும் சுருங்காது என்பதையும் நினைவில் வை. இங்கே ஏடுகளையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து சேர்ப்பவர்களுக்கு இந்த ட்ரைவால் ஒரு பலனும் இல்லை. ஜேபெக்கும் பி.டி.எஃப்.பும் ஏற்கனவே சுருங்கியவை. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கேடு, கடைப் பதிவுகள், சேர்வர் பதிவுக் கோப்புகள் போன்ற எழுத்தும் எண்ணும் நிறைந்தவைதான் நன்றாகச் சுருங்கும்.

மாதிரி ட்ரைவ் கிடைத்தால் இப்படிச் சோதிக்கச் சொல். வெறும் பூச்சியங்களை எழுதி அளக்க விடாதே, பூச்சியம் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும், எண்கள் வானத்துக்கு ஏறும். எஃப்.ஐ.ஓ. என்ற வேகம் அளக்கும் கருவியில் எழுதும் தரவு எத்தனை வீதம் சுருங்கக்கூடியது என்று குறிக்கத் தெரிவு இருக்கிறது. 0, 50, 75 என்று மூன்றாக ஓட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய தரவால் நிரப்பும் தெரிவையும் போடவேண்டும். முதலில் முழு ட்ரைவையும் இரண்டு தரம் எழுதி நிரப்பி, அதன் பிறகு அளப்பதுதான் உண்மை எண். சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல் ஆயிரத்தில் மிக மெதுவான ஒன்று எத்தனை மைக்ரோவினாடி எடுத்தது என்றும் கேள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கி, திரும்ப ஏற்றி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுருக்கும் ட்ரைவில் எது எங்கே இருக்கிறது என்ற முகவரி அட்டவணை சிக்கலானது, கரண்ட் போனதும் சற்று நேரம் தாக்குப்பிடிக்க உள்ளே இருக்கும் கொண்டென்சர்கள் அதைக் காக்கப் போதுமா என்பது அப்போதுதான் வெளிக்கும். இதே சோதனையைச் சாதாரண ட்ரைவும் மென்பொருள் சுருக்கமும் வைத்து ஓட்டி ஒப்பிடவேண்டும். உண்மையான போட்டியாளன் அந்தச் செலவில்லாத மென்பொருள்தான்.

இனி காசுப் பக்கம். பெரிய பெயர்கள் காசு போட்டிருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். என்.ஜி.டி. 2020இல் 20 மில்லியன் டொலர் திரட்டியபோது வெஸ்ரேர்ன் டிஜிற்றல் அதில் சேர்ந்தது. இஸ்ரேலின் ப்ளையொப்ஸ் 2022இல் 100 மில்லியன் திரட்டியது, முன்னின்றது கோக் டிஸ்ரப்டிவ் டெக்னாலஜிஸ், இன்டல் கப்பிற்றலும் என்விடியாவும் அதன் முதலீட்டாளர்கள். சிப்காரரும் ட்ரைவ்காரரும் இப்படிப் போடும் காசு அவர்களுக்குச் சில்லறை. புதிதாக என்ன நடக்கிறது என்று உள்ளிருந்து பார்ப்பதற்கு அது கட்டணம். வாங்குகிறவன் இருக்கிறான் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பக்கத்து வகையான டி.பி.யூ. (தரவை நகர்த்தும் வேலையைச் சி.பி.யூ.விடமிருந்து எடுத்துக்கொள்ளும் சிப்) செய்த ஃபன்ஜிபிள் 2019இல் சொஃப்ட்பாங்க் முன்னிற்க 200 மில்லியன் திரட்டியது. 2023 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் அதை எடுத்துத் தன் டேட்டா சென்ரர் அணியோடு சேர்த்துக்கொண்டது. இப்படி எடுக்கும்போது கடைசியாகப் பெரிய காசு போட்டவன் பெரும்பாலும் தன் காசை முதலில் எடுப்பான். 100 மில்லியன் திரட்டிய கொம்பனி 60க்கு விலைபோனால், முன்னுரிமைப் பங்குகள் அந்த 60ஐயும் விழுங்கிவிடும். உங்களைப் போன்ற சின்ன ஆக்களின் சாதாரணப் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்குத் தருவது எந்த வகைப் பங்கு என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுத்தில் எடு.

ஃபிளாஷ் விலையையும் பார். சுருக்கும் ட்ரைவின் பெறுமதி மிச்சம் பிடிக்கும் ஃபிளாஷின் பெறுமதிதான். 2022 கடைசியிலும் 2023இலும் ஃபிளாஷ் விலை சரிந்தபோது, கூட விலை கொடுத்துச் சுருக்கும் ட்ரைவ் வாங்குவதை விடப் பெரிய ட்ரைவ் வாங்குவது இலாபமாகிப் போனது. விலை ஏறினால் கணக்கு மறுபக்கம் திரும்பும். அவர்களுடைய வருமானக் கணக்கு எந்த விலையை வைத்துப் போட்டது என்று கேட்டு, அதைப் பாதியாக்கினால் என்ன மிஞ்சும் என்று போட்டுப் பார்.

தரநிலை பற்றி அவர்கள் சொல்வது உண்மை. சேமிப்புத் துறைக் கொம்பனிகளின் சங்கமான எஸ்.என்.ஐ.ஏ. 2022இல் கணிக்கும் சேமிப்புத் தரநிலையின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2024 ஜனவரியில் என்.வி.எம்.ஈ. அமைப்பு, ட்ரைவுக்குள் நிரல் ஏற்றி ஓட்டும் கட்டளைத் தொகுதியை அறிவித்தது. இது நல்ல செய்தி, இதற்கு முன் ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு மென்பொருள் நூலகம். பெரிய டேட்டா சென்ரர்காரர் ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளை வாங்கத் தயங்குவார்கள். இரண்டாவது விற்பனையாளர் இருக்கவேண்டும் என்பார்கள். உங்கள் கொம்பனி இந்தக் கட்டளைத் தொகுதியை ஆதரிக்கிறதா, இல்லை தன் சொந்த நூலகத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதை அறி.

மச்சான், எனக்கு இந்தத் துறை மேல் உண்மையான விருப்பம் இருக்கிறது, தரவை நகர்த்துவதற்குப் போகும் மின்சாரத்தை நினைத்தால் இது வெல்லவேண்டும் என்றே படுகிறது. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். அவர்களிடம் மூன்று தாள் வாங்கு: காசு கொடுத்து வாங்கி இரண்டாம் முறையும் ஓடர் போட்ட வாடிக்கையாளர் பட்டியல், சேர்வர் கொம்பனி ஒன்றின் தகுதிச் சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற விபரம், அடுத்த சிப் அச்சுக்குப் போக இன்னும் எவ்வளவு காசு வேண்டும் என்ற கணக்கு. இலவசமாகக் கொடுத்த மாதிரி ட்ரைவுகளை வாடிக்கையாளர் என்று எண்ண விடாதே. அந்தத் தாள்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, சோதனை எண்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து. பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கையெழுத்து வைக்காதே.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவா