தற்காலிகம் என்ற சொல்லுக்குள் ஒளிந்த கொள்கை: கனடாவின் குடிவரவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு குடிவரவு, அகதிகள், குடியுரிமை அமைச்சர் அவர்களுக்கும், ரொறன்ரோ பெரும்பாகத்தில் எங்கள் வாக்குகளைப் பெற்று ஒட்டாவா சென்றிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஆண்டில் எத்தனை பேரை இந்நாட்டில் குடியேற்றுவது என்ற அறிக்கையை ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் திகதியளவில் நாடாளுமன்றத்தில் வைப்பது உங்கள் அமைச்சின் சட்டக் கடமை. இவ்வாண்டின் அறிக்கை எழுதப்படுமுன் ஒரு குடிமகனின் முறைப்பாடும் உங்கள் மேசைக்கு வந்து சேரட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஸ்காபரோவில் வாழ்பவன். அகதியாக வந்தவன். இன்று ஒரு வீட்டின் உரிமையாளன். அதன் நிலக்கீழ்ப் பகுதியை வாடகைக்கு விடுபவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் குறைகூறப்போகும் கொள்கையால் இலாபமடைந்தவர்களில் நானும் ஒருவன்.

2022 நவம்பரில் உங்கள் அமைச்சு வெளியிட்ட திட்டம், 2023இல் 4 இலட்சத்து 65 ஆயிரம் பேர் நிரந்தர வதிவிட உரிமையோடு வருவார்கள் என்றது. ஏறத்தாழ அதே அளவில், 4 இலட்சத்து 71 ஆயிரம் பேர் வந்தார்கள். இவ்வளவு துல்லியமாக நிறைவேறிய அரசாங்கத் திட்டங்கள் அதிகமில்லை. ஆனால் அதே ஆண்டில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரத்தால் பெருகியது, 3.2 சதவீதம் என்ற அந்த வளர்ச்சி 1957க்குப் பின் கனடா காணாதது. திட்டத்தில் இருந்த எண்ணுக்கும் தெருவில் கூடிய எண்ணுக்கும் இடையிலிருந்த 8 இலட்சம் பேர் யார்? படிப்பு அனுமதியோடும் வேலை அனுமதியோடும் வந்தவர்களும், அடைக்கலம் கோரியவர்களும். அரசாங்கத்தின் மொழியில் அவர்கள் ‘தற்காலிக வதிவாளர்கள்’. தற்காலிகமானவர்களுக்கு இலக்கு எதுவும் குறிக்கப்படவில்லை. 2024 அக்டோபரில் வெளியான திட்டத்தில்தான் அவர்களுக்கென்று முதன்முறையாக ஓர் எண் எழுதப்பட்டது. அதற்குள் அவர்கள் 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

நாட்டின் மக்கள்தொகைக் கொள்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட அட்டவணையில் தீர்மானிக்கப்படவில்லை. கல்லூரிச் சேர்க்கை அலுவலகங்களிலும் தொழில் நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகளிலும் தீர்மானிக்கப்பட்டது. என் முறைப்பாட்டின் அடி இதுதான்.

இதை நான் புள்ளிவிவரத்தில் அறிந்துகொள்வதற்கு முன்பே என் வீட்டுப் படிக்கட்டில் அறிந்துகொண்டேன். 2022 இலையுதிர்காலத்தில் நிலக்கீழ்ப் பகுதியை இரண்டு மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். சனவரியில் ஒருநாள் அதிகாலை பனி வழிக்கப் புறப்பட்டபோது, பக்க வாசலின் உட்படிகளில் ஆறு சோடிப் பனிச் சப்பாத்துகள் இருந்தன. கீழே போய்ப் பார்த்தேன். சுவரோரம் மெத்தைகள் நிமிர்த்திச் சாத்தப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், யார் எந்த இரவு எந்தப் பண்டகசாலையில் வேலை, யார் எந்த நேரம் உறங்கலாம் என்று கோடு போட்டு எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒருவர் எழுந்து போக, இன்னொருவர் அதே மெத்தையில் படுக்கிறார். வாடகையைக் கூட்டவா, அவர்களை வெளியேற்றவா என்று அன்று முழுவதும் யோசித்தேன். வெளியேற்றவில்லை. மறு ஆண்டு வேறு குடியிருப்பாளர்கள் வந்தபோது வாடகையைக் கூட்டினேன், அதுவும் கணிசமாக. குடியிருப்பவர் மாறும்போது எவ்வளவும் கூட்டலாம் என்பது ஒன்ராறியோவின் சட்டம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு வாடகை உச்சவரம்பே கிடையாது என்பதும் அதே மாகாணத்தின் சட்டம்தான். என்னைப்போல் ஆயிரக்கணக்கானோர் அதையே செய்தார்கள். அதைத்தான் செய்திகளில் ‘வாழ்க்கைச் செலவு நெருக்கடி’ என்று படித்தோம்.

ஆகவே குடிவரவுக்கும் வாடகைக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பப்போவதில்லை. இரண்டு ஆண்டுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும்போது, 2023இல் நாடு முழுவதும் கட்டத் தொடங்கிய 2 இலட்சத்து 40 ஆயிரம் வீடுகள் எந்த மூலைக்குப் போதும்? ஆனால் வீட்டு விலையின் கதை வேறு. கொரோனாக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டு, 2020இல் நிரந்தர வதிவாளர்களாக வந்தவர்கள் 1 இலட்சத்து 85 ஆயிரம் பேர் மட்டுமே என்றிருந்த அந்தக் காலப்பகுதியில்தான் ரொறன்ரோவைச் சுற்றிய ஊர்களில் வீட்டு விலை வானத்தைத் தொட்டது. அன்று கனடிய மத்திய வங்கியின் வட்டி 0.25 சதவீதம். 2023 யூலையில் அதே வட்டி 5 சதவீதமானபோது, மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களின் மாதக் கட்டணம் எகிறியது. அந்தச் சுமை அப்படியே கீழ்வீட்டு வாடகையின் தலையில் இறங்கியது. விலையை ஏற்றியது மலிந்த கடன், வாடகையை ஏற்றியது திட்டமில்லாத வருகையும் வட்டியும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அண்மையில் வந்த மாணவனின் தோளில் ஏற்றிவிடுவது அரசியல்வாதிகளுக்கு வசதியாக இருக்கிறது.

அந்த மாணவன் ஏன் அழைக்கப்பட்டான் என்பதையும் பார்க்கவேண்டும். 2019இல் ஒன்ராறியோ அரசாங்கம் உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அங்கேயே உறையவைத்தது. குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய மாகாண நிதி வரவில்லை. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைத் தேடிப் போயின. 2021இலேயே மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் எச்சரித்தார்: அரச கல்லூரிகளின் மாணவர்களில் 30 சதவீதமான வெளிநாட்டு மாணவர்கள் கட்டண வருமானத்தில் 68 சதவீதத்தைத் தருகிறார்கள் என்று. அதாவது, பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் காணியை ஈடுவைத்த குடும்பங்கள் ஒன்ராறியோவின் உயர்கல்விக்கு மானியம் வழங்கிக்கொண்டிருந்தன. அந்த மாணவர்கள் கையிருப்பாகக் காட்டவேண்டிய தொகையோ 2023 இறுதிவரை வெறும் 10,000 டொலர். ஸ்காபரோவில் அதை வைத்து ஓராண்டு வாழ முடியாது என்பது அதை விதித்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். 2024 சனவரியில் அது 20,635 டொலராக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், வாரம் இருபது மணிநேர வேலை வரம்பை 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை உங்கள் அமைச்சே நீக்கிவைத்தது. படிக்க வந்தவனைப் பண்டகசாலைக்கு அனுப்பிவிட்டு, இவன் படிக்க வரவில்லை, வேலைக்குத்தான் வந்தான் என்று பிறகு குற்றஞ்சாட்டுவது எந்த வகை நியாயம்?

வேலை விடயத்தில் என் கருத்து, உங்கள் கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சியினருக்கும் ஒருசேரப் பிடிக்காமல் போகலாம். 2022 ஏப்ரலில், ஆட்பற்றாக்குறை என்று முதலாளிகள் முறையிட்டதைக் கேட்டு, ஓர் இடத்தில் குறைந்த சம்பளத் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பை இருபதாகவும், சில துறைகளில் முப்பதாகவும் உயர்த்தினீர்கள். ஆட்கள் கிடைக்காவிட்டால் சம்பளத்தைக் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் வேலைச் சூழலைத் திருத்தவேண்டும். சந்தையைப் பற்றிப் பேசுபவர்கள் எங்களுக்குக் கற்பித்த பாடம் அது. அந்த நெருக்குதலை முதலாளிகளிடமிருந்து அரசாங்கமே எடுத்துவிட்டது. 2024 செப்டம்பரில் வரம்பு மீண்டும் பத்துக்கு வந்தது. 2025 கோடையில் 15 முதல் 24 வயது வரையானோரின் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. வந்தவர்கள்தான் வேலையைப் பறித்தார்கள் என்று இதற்கு நான் பொருள்கொள்ளவில்லை; வருகிறவர்கள் உண்கிறார்கள், உடுக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், அதனால் வேலைகள் உருவாகவும் செய்கின்றன. என் கவலை, ஒரே வேலைக்கு இரண்டு வகை மனிதர்கள் நிற்பதைப் பற்றியது. ஒருவரால் வேலையை விட்டு விலக முடியும். மற்றவரின் அனுமதிப்பத்திரத்தில் முதலாளியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. விலகினால் வேறிடத்தில் உழைக்கும் உரிமையும் போகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலை அனுமதி என் கைக்கு வந்தபின் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மேற்பார்வையாளரின் வாய் பொறுக்காமல் மூன்றாம் மாதம் விலகி, பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சம்பளப் பேச்சுவார்த்தை அந்த விலகல்தான். இன்று ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட ‘மூடிய’ அனுமதியோடு வருபவருக்கு அது இல்லை. 2023இல் கனடாவுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் தோமோயா ஒபொகாதா, தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைத்தனம் விளையும் நிலம் என்ற கருத்தில் எழுதினார். அந்தச் சொல் கடுமையானதென்று நினைப்பவர்கள் தென் ஒன்ராறியோவில் லெமிங்ரன் பக்கத்துக் கண்ணாடித் தோட்டங்களுக்குப் போய் வரலாம். பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் யமேக்காவோடு தொடங்கியது. ஆண்டுக்கு எட்டு மாதம் தக்காளி பறித்துவிட்டுத் திரும்பிப் போய், மறுபடி வந்து, இருபது முப்பது ஆண்டுகள் அப்படியே கழித்த பின்னும் அந்த மனிதரை நாம் தற்காலிகத் தொழிலாளி என்கிறோம். அறுபது ஆண்டுகளாகத் தொடரும் ஒன்றில் தற்காலிகம் என்ன இருக்கிறது?

இப்போது குறைக்கிறீர்கள். நிரந்தர வருகை ஆண்டுக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் என்றும், தற்காலிக வதிவாளரை மக்கள்தொகையில் ஐந்து சதவீதத்துக்குள் கொண்டுவருவது என்றும் 2025 நவம்பரில் அறிவித்தீர்கள். அதே ஆண்டின் மூன்றாம் காலாண்டில் கனடாவின் மக்கள்தொகை சுமார் 76,000 பேரால் சுருங்கியது. புதிய வாடகை விளம்பரங்களில் விலை இறங்கியிருப்பது எனக்கே தெரிகிறது, கீழ்வீடு இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்தது. குறைப்பு வேண்டியதே என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் சராசரியாக 1.25 என்ற நிலைக்கு வந்துவிட்ட நாடு, வருகையைத் திறப்பதும் மூடுவதுமாகத் தண்ணீர்க் குழாயைப்போல் நடத்திக்கொண்டிருக்க முடியாது. கட்டண உறைவின் வேரைத் தொடாமல் மாணவர் வருகையை வெட்டியதில், ஒன்ராறியோக் கல்லூரிகளில் ஏறக்குறைய 10,000 வேலைகள் போயின என்று ஊழியர் சங்கம் கணக்குக் காட்டுகிறது.

எனக்கு அதைவிட வருத்தம் தருவது, எங்கள் சமூகத்துக்குள்ளேயே காதில் விழும் பேச்சு. “நாங்கள் வந்தது வேறை, இவையள் வாறது வேறை” என்று திருமண மண்டபத்தில் ஒருவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். 1986இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைப் பற்றியும், 2010இல் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 பேரைப் பற்றியும் இந்நாட்டின் வானொலிகளில் என்ன பேசப்பட்டது என்பதை அவர்கள் மறந்திருக்க நியாயமில்லை. போருக்குத் தப்பி வந்ததும் படிப்புக்குப் பணம் கட்டி வந்ததும் ஒன்றல்லதான். பழியைச் சுமக்க விடப்பட்ட விதம் மட்டும் ஒன்று.

எனவே நான் கேட்பவை இவை. வரும் அறிக்கையில் நிரந்தரம், தற்காலிகம் என்ற இரு வகையினரின் எண்ணும் ஒரே அட்டவணையில் இருப்பதோடு, ஒவ்வொரு மாகாணமும் அந்த ஆண்டில் கட்டி முடிக்க ஒப்புக்கொண்ட வீடுகளின் எண்ணும் அதன் அருகிலேயே இடம்பெறட்டும். ஒப்புக்கொள்ளாத மாகாணம் கூடுதல் மாணவரைக் கேட்க வரக்கூடாது. முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட அனுமதிப்பத்திரத்தைத் துறை சார்ந்த அனுமதியாகவாவது மாற்றுங்கள். பண்ணையை விட்டு விலகுபவர் வேறொரு பண்ணையில் உழைக்க முடிந்தால், இரண்டு பண்ணைகளும் ஒழுங்காக நடக்கும், இந்நாட்டில் பிறந்த இளைஞனின் சம்பளமும் தாழாது.

மூன்றாவது, நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள். 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 33,000 தொழிலாளர்களை நிரந்தர வதிவிடத்துக்கு விரைவாக மாற்றுவதாக அறிவித்திருக்கிறீர்கள். 2025 அக்டோபரில் நாட்டில் இருந்த தற்காலிக வதிவாளர்கள் 28 இலட்சத்துக்கும் அதிகம். எல்லோருக்கும் வதிவிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் கீழ்வீட்டில் இருந்த அறுவரில் ஒருவர் இப்போது முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளராக வேலை செய்கிறார். அவருடைய வேலை அனுமதி முடியும் திகதி அவருக்குத் தெரியும், அதன்பின் என்ன என்பது அவருக்கோ அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கோ தெரியாது. நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கப்படத் தேவையான புள்ளிகள் ஒவ்வொரு தெரிவுச் சுற்றிலும் மாறுகின்றன. அவரைப்போன்றவர்களில் எத்தனை பேர் தங்கலாம், எந்தத் தகுதியில், எந்தத் திகதிக்குள் முடிவு சொல்லப்படும் என்பதை அந்த அட்டவணையின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிடுங்கள். போகச் சொல்வதென்றாலும் அதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அவர் ஊருக்கு அனுப்பும் காசைக் குறைத்துப் பயணச் சீட்டுக்குச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாக்காளர்